பொது அறையும் வேலைக் களமும்

கூட்டுறவு, குழு முயற்சி, சமூக உழைப்பு ஆகியவற்றைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டது ஏராளம். ஆனால், அவ்விதம் கூடி உழைக்க முன்வந்தவர்கள் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு நெருங்கி உட்கார வேண்டும், கையிலுள்ள பொருளை எங்கே இறக்கி வைக்க வேண்டும் என்பன பற்றி எழுதப்பட்டது சொற்பமே. இடத்தைப் பற்றிய கவலை பொறியாளருடையது, மனிதரைப் பற்றிய கவலை ஊழியருடையதும் ஆசிரியருடையதும் என்றொரு பிரிவினை நம்மிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. இப்பிரிவினை பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். பொது இடம் ஒன்றைத் திட்டமிடும் வேலையில் பாதிக்கு மேல் கட்டடம் எழும்புவதற்கு முன்னரே, தொழிலைக் கூர்ந்து நோக்குவதில் அடங்கியுள்ளது. அவ்வாறு நோக்கும் வாய்ப்பு பொறியாளரைவிட ஊழியருக்கே மிகுதி.

மும்பையின் வடகிழக்குப் புறநகர்களுள் ஒன்றாகிய பாண்டுப்பை எடுத்துக்கொள்வோம். மத்திய ரயில்வேயில் காஞ்சூர்மார்க் நிலையத்திற்கும் நாஹூர் நிலையத்திற்கும் இடையே உள்ளது அவ்வூர். (இந்த நாஹூர் வேறு, நம் நாகூர் வேறு.) நிலையத்திற்கு மேற்கே லால் பகதூர் சாஸ்திரி சாலை, அதைத் தாண்டினால் குன்றுகள், குன்றுகளுக்கு அப்பால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு. குன்றுச் சரிவுகளில் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் சிறு வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மராத்தியர், வடநாட்டார், தமிழர் எனப் பல மொழியினரும் அங்கே கலந்து வாழ்கின்றனர். இவ்வீடுகளில் வாசற்படி என்பது வெறும் வாசற்படி அன்று. கீரை ஆய்வதும், தைத்து வந்த துணியில் பிசிறு நூலைக் கத்தரிப்பதும், பொட்டலம் கட்டுவதும், பிள்ளைகள் பாடம் எழுதுவதும் அங்கேதான். எதிர்வீட்டுப் படிக்கும் இவ்வீட்டுப் படிக்கும் இடைப்பட்ட நாலடிச் சந்து பகல் முழுவதும் ஒரு சிறு பட்டறையாகவே விளங்கும்.

குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டம் மகாராஷ்டிரத்தில் 1995-ஆம் ஆண்டு இப்போதைய உருவத்தைப் பெற்றது. தகுதி பெற்ற குடும்பத்துக்கு அதே இடத்தில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்தில் விலையின்றி ஒரு வீடு தரப்படுகிறது. முதலில் அதன் பரப்பு 225 சதுர அடியாக இருந்தது. 2008-இல் 269 ஆகவும், 2018-இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் 300 ஆகவும் உயர்த்தப்பட்டது. இவ்வீடுகளால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. மழைக்காலத்தில் சரிவு இடிந்து விழும் என்ற அச்சம் நீங்குகிறது. தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் வீட்டுக்குள்ளேயே அமைகின்றன. பொது இடத்தையும் விதிகள் மறந்துவிடவில்லை. பால்வாடி, நலக்கூடம், சங்க அலுவலகம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது.

நான் கண்ட சில கட்டடங்களில் அந்த நலக்கூடத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளும், சென்ற ஆண்டு கணபதி விழாவின் தோரணங்களும் தென்பட்டன. அதே கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்திலோ, காற்றும் வெளிச்சமும் குறைந்த ஆறடிச் சதுரத்தில், ஐந்தாறு பெண்கள் சுவரில் முதுகைச் சாய்த்துக் குவியலிலிருந்த துணிகளில் நூல் கத்தரித்துக்கொண்டிருந்தனர். வேலைக்கென்று இடம் ஒதுக்காத கட்டடத்திலும் வேலை தனக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மாடிப்படி அதற்கு உரிய இடம் அன்று. தீ விபத்து நேர்ந்தால் ஓடவேண்டிய வழி அது.

இதைக் கண்டு, மக்களுக்கு ஒற்றுமை போதவில்லை என்றோ, பொதுச் சொத்தைப் பேணும் பழக்கம் இல்லை என்றோ கூறுவோர் உண்டு. அது சரியான விடை அன்று. அந்த அறை கூட்டம் போடுவதற்காகக் கட்டப்பட்டது. கூட்டம் மாதத்திற்கு ஒரு முறை நடக்கும். வேலை நாள்தோறும் நடக்கும். மாதம் ஒரு முறை திறக்கும் கதவின் சாவி யாரோ ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. ஆங்கில அறிக்கைகளில் வரும் பொது வேலையிடத்தைக் குறிக்கும் சொல்லுக்குத் தமிழில் 'பணிக்கூடம்' என்று எழுதிவிட்டு மேலே செல்வது எளிது. ஆயினும் நம் மொழியில் அதைவிடப் பொருத்தமான சொற்கள் ஏற்கெனவே உள்ளன. களம் என்பது ஒன்று. அறுத்த கதிர் அடிபட்டு, தூற்றப்பட்டு, அளக்கப்படும் இடம் அது. பாவடி என்பது மற்றொன்று. கைத்தறி நெசவில், தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை நீளவாட்டில் விரித்து, கஞ்சிப் பசை ஏற்றி, தூரிகையால் வாரி உலர்த்த வேண்டும். அந்நீளத்துக்கு எந்த நெசவாளர் வீட்டிலும் இடம் இராது. அவ்வேலைக்கு ஒரு குடும்பத்தின் கைகளும் போதா. வெயில் ஏறினால் பசை விரைந்து காய்ந்துவிடும் ஆதலின், விடியற்காலையிலேயே அயலாரும் கூடி முடிக்க வேண்டும். அதற்கென விடப்பட்ட பொதுத் திடலே பாவடி. சேலம் வட்டாரத்தில் இன்றும் பாவடி என்ற பெயர் தாங்கிய திடல்களும் பள்ளிகளும் உள்ளன. இயந்திரத்தில் பசையேற்றும் முறை பரவியபின் பாவு விரிக்கும் வேலை பெரும்பாலும் திடலை விட்டுப் போயிற்று. விளையாட்டும் பொதுக்கூட்டமும் அங்கே வந்தன. திடலின் அளவோ எல்லையோ மாறவில்லை. ஒருவரால் தனியே செய்ய இயலாத வேலை அங்கிருந்து அகன்றதும் அதன் தன்மையே மாறிவிட்டது.

அத்தகைய வேலை இன்றும் அகலாத இடம் ஒன்று மும்பையிலேயே உண்டு. பாண்டுப்பிலிருந்து தெற்கே ரயிலேறிச் சயான் நிலையத்தில் இறங்கினால் மேற்கே தாராவி. அங்கே 90 அடிச் சாலையை ஒட்டி அமைந்தது கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930-களில் அங்கே குடியேறினர். அவர்களுடைய வீட்டு அமைப்பைக் கட்டடக்கலை மாணவர்கள் பலர் அளந்து படம் வரைந்துள்ளனர். நம் ஊழியரும் ஒரு முறை நேரில் காண்பது பயன் தரும். வீடுகள் நீண்ட வரிசைகளாக உள்ளன. ஒரு பக்கம் தெருவை நோக்கி விற்பனை. மறு பக்கம் இரு வரிசைகளுக்கு இடைப்பட்ட முற்றத்தை நோக்கித் தொழில். முற்றத்தில் மண் குவியல், காயும் பானைகள், நடுவே செங்கல் சூளைகள். ஒரு குடும்பத்தின் சரக்கு மட்டும் சூளையை நிரப்பாது; நிரம்பாத சூளையை எரிப்பது விறகுக்கு நட்டம். ஆகவே சூளையை முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். சக்கரத்தில் வனையும் வேலை ஒருவர் தம் கூரைக்குள் தனியே செய்யக்கூடியது. மண் இறக்குவதும், பானை காய வைப்பதும், சூளை அடுக்குவதும் அவ்வாறு அல்ல. எது தனி, எது பொது என்ற கோடு அங்கே யாரும் வரைபடம் போட்டுத் தீர்மானித்தது அன்று. தொழிலின் படிகளே அதைத் தீர்மானித்துவிட்டன.

இதனைப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது விஞ்ஞானச் சஞ்சிகைக்கு அழகாகாது. அச்சூளைகளில் பஞ்சுக் கழிவும் துணிக் கழிவும் எரிக்கப்படுகின்றன. அப்புகை வீடுகளுக்குள் புகுகிறது. குழந்தைகளும் முதியோரும் அதனையே சுவாசிக்கின்றனர். மழைக்காலத்தில் முற்றத்தில் பானை காய்வதில்லை, தொழில் சுருங்குகிறது. முற்றத்தைக் காப்பதும் புகையை அகற்றுவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. எரிவாயுச் சூளையும், கூரையிட்ட உலர்த்தும் மேடையும் முற்றத்துக்குள்ளேயே வரலாம். புகையைக் காரணம் காட்டி முற்றத்தையே எடுத்துவிடும் திட்டம், மருந்து கசக்கிறது என்று நோயாளியை வெளியேற்றுவதற்கு ஒப்பாகும்.

தொழிலின் படிகளை ஆராய்ந்து, பொதுவையும் தனியையும் அறிந்தே பிரித்த ஒரு ஸ்தாபனத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி, பம்பாய் கிர்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் அமர்ந்து 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இடத் தொடங்கினர். அன்று ஆயின நான்கு பொட்டலங்கள். பின்னர் லிஜ்ஜத் என்று பெயர் பெற்ற ஸ்ரீ மகிளா கிருஹ உத்யோக் அமைப்பு இதுவே. முதல் ஆண்டில் மழைக்காலம் வந்ததும் வெயிலின்றி வேலை நான்கு மாதம் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். எளிய உபாயமாயினும், இடத்தின் குறையைத் தொழில்நுட்பத்தால் ஈடு செய்த செயல் இது.

அதற்கு அடுத்து நடந்ததே நமக்கு முக்கியம். சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை விரைவில் நூறைத் தாண்டியது. எல்லோரும் உட்கார மாடி போதவில்லை. இந்த நிலையில் சாதாரணமாக எவரும் செய்வது யாது? பெரிய கூடம் ஒன்றுக்கு மனுப் போடுவோம். கூடம் வரும்வரை ஆள் சேர்ப்பதை நிறுத்துவோம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. மாவு பிசைவதை மட்டும் பொது இடத்தில் வைத்துக்கொண்டனர். பிசைந்த மாவைப் பெண்கள் தத்தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டு, உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்தனர். நிறுப்பதும், தரம் பார்ப்பதும், கட்டுவதும், கூலி கொடுப்பதும் பொது இடத்திலேயே நடந்தன. இந்தப் பிரிவினையில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். மாவின் பக்குவம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே அது பொது. தரமும் கூலியும் எல்லோர் கண்ணெதிரிலும் தீர்மானமாக வேண்டும். ஆகவே அவையும் பொது. இடுவதற்கு வேண்டியது கைத்திறனும் ஒரு பலகையும். ஆகவே அது வீட்டில். 1966-இல் சங்கமாகப் பதிவு பெற்ற அவ்வமைப்பில் இன்று 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் உள்ளனர். நிறுவியவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அப்பளம் இடுவதற்கு வீட்டில் தூய்மையான, போதிய இடம் இருக்கிறதா என்று அமைப்பினர் பார்ப்பர். இல்லாதவர்களுக்கு மாவு பிசைதல், கட்டுதல் போன்ற வேலைகள் உண்டு. ஆறு பேர் வாழும் 225 சதுர அடியில் வீட்டையே வேலையிடமாகக் கொள்ளும் வழி எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. பாண்டுப்பின் சரிவில் வாசற்படி ஈடு செய்த குறையை, அடுக்குமாடியில் நலக்கூடம் ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. பூட்டிய கதவு அதனால்தான் சிறு விஷயம் அன்று.

மேனாட்டு ஆராய்ச்சியும் ஏறத்தாழ இதையே வேறு வழியில் கூறுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் ஆராய்ச்சிக்கூடங்களில் பொறியாளர்கள் ஒருவரோடொருவர் எத்தனை முறை தொழில் பற்றிப் பேசுகின்றனர் என்பதைக் கணக்கிட்டு, 1977-இல் நூலாக வெளியிட்டார். இருக்கைகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடக்கூடப் பேச்சு மிக வேகமாகக் குறைகிறது. 30 மீட்டருக்கு அப்பால், அதே கட்டடத்தில் இருப்பவர்கூட ஏறக்குறைய அயலூரார்தாம். ஏழாம் மாடியில் வசிக்கும் பெண்ணுக்குக் கீழ்த்தள அறை எவ்வளவு தொலைவு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். மின்தூக்கி பழுதான நாளில் கேட்க வேண்டுவதில்லை.

அப்படியானால் சுவர்களையெல்லாம் எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே கூடத்தில் நெருக்கமாக உட்கார வைத்தால் போதுமே என்று தோன்றலாம். பெரிய கம்பெனிகள் பல அவ்வாறே செய்தன. ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் என்னும் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் இருவர், திறந்த கூடத்துக்கு மாறிய இரு நிறுவனங்களில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோர் பார்வையிலும் எப்பொழுதும் இருப்பவன் தனக்கென ஒரு திரையைத் தானே போட்டுக்கொள்கிறான் போலும். கும்பார்வாடாவின் குயவருக்கு முற்றமும் உண்டு, உள்ளே சக்கரமும் உண்டு. இரண்டுக்கும் இடையே நாலே எட்டுத் தூரம். அந்த அண்மையும் அந்தத் தனிமையும் ஒருங்கே வேண்டும்.

இனி ஆசிரியர்களுக்குரிய பகுதிக்கு வருவோம். வகுப்பறை என்பதும் பொது வேலையிடமே. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் மாணவர்கள் நால்வர் நால்வராகப் பிரிந்து தரையில் அமர்ந்து பரிசோதனை செய்தனர். நால்வர் என்பது நல்ல கணக்கு. ஒரு தட்டிலுள்ள பொருளை நால்வரும் தொடலாம். ஐந்தாமவன் வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையே அதற்கு முன்மாதிரி. அதன் கல்விப் பயன் குறித்து ஆசிரியரிடையே வாதங்கள் நடந்தன; அவற்றில் நான் புகவில்லை. இடத்தை அது மாற்றிய விதம் மட்டும் வாதத்துக்கு அப்பாற்பட்ட சாதனை என்பேன். பெஞ்சுகள் அகன்றன, பாய் வந்தது. சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடியது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு. மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் செய்தவை தொங்கின. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். குழுவுக்குள் வேலையும், சுவரோரம் தன் கட்டத்தில் தனி வேலையும், இடையே இரண்டடித் தூரமும் என்ற அமைப்பு எவ்வளவு குறைந்த செலவில் நிறைவேறியது பாருங்கள்!

தரையில் உட்காருவோருக்கென்று அறை அமைப்பதில் நம் பொறியாளர் அடிக்கடி மறக்கும் ஒன்று உண்டு. தரையில் அமர்ந்தவரின் கண்மட்டம் ஏறத்தாழ இரண்டரை அடி. ஜன்னலின் அடிக்கட்டை வழக்கப்படி மூன்றடியில் நின்றால், அவருக்கு வானம் தெரியும். மடியிலுள்ள வேலையின் மேல் வெளிச்சம் நேராக விழாது. அடிக்கட்டையை ஒன்றரை அடிக்கு இறக்கிக் கம்பி வைத்தால் காற்றும் அம்மட்டத்திலேயே வரும். மற்றொன்று, பாதியில் நின்ற வேலையை வைக்க ஓர் இடம். ஒவ்வொரு மாலையும் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தலையில் சுமந்து மாடியேற வேண்டும் என்றால், மூன்றாம் நாள் எவரும் கீழே வரமாட்டார்கள். பூட்டத்தக்க சிறு அலமாரிகள் ஒரு சுவர் நிறைய இருந்தால், நாற்காலிகள் இல்லாமற்போனாலும் குற்றமில்லை. ஒரு குழாயும் அதன் கீழ் ஒரு வடிகாலும் வேண்டும். இவையனைத்தும் சேர்ந்தாலும் அறையின் மொத்தச் செலவில் சிறு பகுதியே ஆகும். பள்ளியின் விஞ்ஞான அறைக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும்.

சாவியைப் பற்றி ஒரு சொல். அறையை நாள்தோறும் பயன்படுத்துவோரிடமே சாவி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அவ்வாறு விட்டால் ஒரு சிலர் அதைத் தம்முடையதாக்கிக்கொள்வர், வாடகைக்கு விடுவர் என்ற ஆட்சேபம் எழும். அந்த அபாயம் உண்மையே. ஆனால் பூட்டிய அறையை ஆக்கிரமிப்பதைவிடத் தினமும் இருபது பேர் வந்துபோகும் அறையை ஆக்கிரமிப்பது கடினம். வேலை நேரத்தையும் முறைவைப்பையும் கதவின் மேல் எழுதி ஒட்டுவதும், ஆண்டுக்கொரு முறை பொறுப்பை மாற்றுவதும் போதுமானவை.

தாராவி முழுவதையும் திருத்தி அமைக்கும் ஒப்பந்தத்துக்கான ஏலத்தில் 2022-இன் இறுதியில் ஒரு நிறுவனம் வென்றது. அங்கும், பாண்டுப்பின் சரிவுகளிலும், இன்னும் பல நகரங்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை வெளியூழியரின் தலையில் விழுகிறது, இனியும் விழும். குடும்பத் தலைவர் பெயர், ஆண்டு, ஆவணம், பரப்பு ஆகியன நிரப்ப வேண்டிய பத்திகள். அவற்றுடன் ஊழியர் தம் குறிப்பேட்டில் மற்றொரு பத்தியையும் தாமே சேர்த்துக்கொள்ளலாம். இவ்வீட்டில் ஒரு பொருள் செய்யப்படுகிறதா? செய்யப்பட்டால் அது இங்கே யார் கையிலிருந்து வந்தது, அடுத்து யார் கைக்குப் போகிறது, அவ்விரு கைகளுக்கும் இடையே எத்தனை அடித் தூரம்? ஒரு சந்தில் இருபது வீடுகளுக்கு இவ்விவரத்தைக் குறித்து, கோடுகளால் இணைத்துப் பார்த்தால், அந்தச் சந்தின் களம் எங்கே உள்ளது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். கட்டட வரைபடம் கையெழுத்தாவதற்கு முன் அத்தாள் பொறியாளரின் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.